ராக்கெட் விடுற அன்னைக்கு என்னைய சேஃப்டி ஆபீசரா போட்டிருக்காங்க, உண்மையில என் வேலை என்ன?

பாலக்கோடு பிசிக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுக்குறேன். எங்க சயின்ஸ் கிளப்ல மாசி மாசம் ராக்கெட் விடுற நிகழ்ச்சி வச்சிருக்கோம். சின்ன கிளாஸ் பசங்க தண்ணி ராக்கெட் விடுவாங்க, பாட்டில்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி சைக்கிள் பம்புல காத்தடிச்சு விடுறது, அதுக்கப்புறம் கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து காலேஜ் பசங்க டீம் ஒண்ணு வந்து அட்டைக்குழாய்ல செஞ்ச நிஜமான மாடல் ராக்கெட் விட்டு காட்டுறாங்க. மோட்டார் சி6-5ன்னு சொன்னாங்க, மருந்து அவங்க கலக்குறது இல்லையாம், லைசென்ஸ் இருக்குற இடத்துல ரெடிமேடா வாங்குறதாம். இடம் ஊருக்கு வெளிய தண்ணி வத்துன ஏரி.

மீட்டிங்ல சேஃப்டி ஆபீசர்னு என் பேரை எழுதிட்டாங்க. அது என்ன வேலைன்னு கேட்டா யாருக்கும் தெளிவா சொல்ல தெரியல, ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் வச்சுக்கிட்டு நிக்கணும்னு சொல்றாங்க. நான் தேடி படிச்சா ரேஞ்ச் சேஃப்டி ஆபீசர்னு ஒருத்தர், லான்ச் கன்ட்ரோல் ஆபீசர்னு ஒருத்தர், ராக்கெட்ட நிறுத்தி விடுற மேடை, அதாவது பேட்கிட்ட நிக்கிறவர் ஒருத்தர்னு வருது. இதெல்லாம் ஒரே ஆள் பாக்கலாமா? ஒரு ராக்கெட் சரியில்லன்னு எனக்கு பட்டா நிறுத்துற அதிகாரம் எனக்கு நிஜமா இருக்குதா, இல்ல ஆலோசனை மட்டும் சொல்லணுமா? சீஃப் கெஸ்ட் வந்து உக்காந்துட்டு டைம் ஆச்சு விடுங்கன்னு சொன்னா யார் பேச்சு நிக்கும்? இருநூறு பசங்க வருவாங்க, அவங்க அப்பா அம்மா வேற வருவாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரல, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தொப்பூர் கணவாய்

டீச்சர், உங்க ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். அதிகாரம் உங்களுக்கு முழுசா இருக்கு. அது இல்லன்னா அந்த பதவியே இல்ல. ரேஞ்ச் சேஃப்டி ஆபீசர் வேண்டாம்னு சொன்னா அந்த ராக்கெட் அன்னைக்கு போகாது, விடுறவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, அதை மாத்த அந்த மைதானத்துல வேற யாரும் கிடையாது. நான் அமெரிக்காவுல வேலைல இருந்தப்ப அங்க இருக்குற ராக்கெட் கிளப் லான்ச்சுக்கு போவேன், சேஃப்டி டேபிள்ல உதவிக்கும் உக்காந்திருக்கேன், இப்ப தருமபுரிக்கே வந்துட்டேன். அங்க நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரின்னு 1957ல ஆரம்பிச்ச சங்கம் இருக்கு, அப்புறம் பெரிய ராக்கெட் விடுறவங்களுக்கு டிரிப்போலி. ரஷ்யாவோட ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேல போன நேரம், பசங்க எல்லாம் வீட்லயே குழாய்ல மருந்தை அடைச்சு விட்டு விரலும் கண்ணும் போன காலம் அது. வொயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்துல வேலை பாத்த ஹாரி ஸ்டைன், ரெடிமேட் மோட்டார் செஞ்ச ஆர்வில் கார்லைல் இவங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் மருந்தை பசங்க கையில குடுக்காம ராக்கெட் விட ஒரு வழி பண்ணாங்க. அந்த சங்கத்தோட சேஃப்டி கோட், அதாவது பாதுகாப்பு விதிகள்தான் இன்னைக்கும் அடிப்படை. மூக்கு, உடம்பு, இறக்கை எதுலயும் உலோகம் கூடாதுன்னு இருக்கு. நம்ம பாரமகால்ல, அதான் தருமபுரி கிருஷ்ணகிரி பக்கத்துல, ஹைதர் திப்பு காலத்து ராக்கெட் இரும்புக்குழாய்ல செஞ்சது, அது எதிரிய கொல்றதுக்கு செஞ்சது, அதனால இரும்பு. பசங்க முன்னாடி விடுறதுக்கு அட்டை, பால்சா மரம், லேசான பிளாஸ்டிக் மட்டும்தான்.

இப்ப வேலைய பிரிச்சு சொல்றேன். ரேஞ்ச் சேஃப்டி ஆபீசர் நீங்க. இடம் சரியா, காத்து சரியா, கூட்டம் எங்க நிக்குது, ஒவ்வொரு ராக்கெட்டும் பறக்க தகுதியா, இது உங்க பொறுப்பு. லான்ச் கன்ட்ரோல் ஆபீசர் வேற ஆளா இருக்கணும், அவர் கையிலதான் பட்டன் பெட்டியும் அதுக்கு கரண்ட் விடுற சாவியும் மைக்கும். பேட்கிட்ட நிக்கிறவர் மூணாவது ஆள், யாரு உள்ள போறாங்க வர்றாங்கன்னு அவர் பாத்துக்கணும். மூணையும் ஒருத்தர் பாத்தா என்ன ஆகும்னா, நீங்க குனிஞ்சு ஒரு ராக்கெட்ட சோதிக்கும்போது வானத்தை பாக்க ஆள் இருக்காது. காலேஜ் டீம்ல ராக்கெட் வச்சிருக்குற எந்த பையனும் சேஃப்டி ஆபீசரா இருக்க வேண்டாம், தன் ராக்கெட்ட தானே பாஸ் பண்றது சரியா வராது.

சோதனை டேபிள்ல என்ன பாக்கணும்னா, முதல்ல மோட்டார் பேர். சி6-5ல சிங்கிறது எரிஞ்சு முடியுற வரைக்கும் குடுக்குற மொத்த உந்துதல் 5ல இருந்து 10 நியூட்டன் செகண்ட் வரைக்கும்னு அர்த்தம், எழுத்து ஒண்ணு கூடினா அது ரெண்டு மடங்காகும். 6ங்கிறது சராசரி தள்ளுவிசை நியூட்டன்ல. 5ங்கிறது எரிஞ்சு முடிஞ்சதும் பாராசூட்ட தள்ளுறதுக்கு முன்னாடி எத்தனை செகண்ட் தாமதம்னு. எடை பாக்க ஒரு தராசு கண்டிப்பா வச்சுக்கங்க. ராக்கெட் எடைய மாதிரி அஞ்சு மடங்காவது தள்ளுவிசை வேணும்ங்கிறது எல்லாரும் பாக்குற கணக்கு, 6 நியூட்டன்னா சுமார் 600 கிராம் தூக்குற பலம், அஞ்சால வகுத்தா 120 கிராம், அதுக்கு மேல இருந்தா டேபிள்ளயே நிறுத்திடுங்க. கனமா இருந்தா ராக்கெட்ட மாட்டி வச்சிருக்குற கம்பி, அதான் ராட், அதை விட்டு மெதுவா கிளம்பி காத்துக்கு சாஞ்சு கூட்டத்து பக்கம் படுத்துக்கிட்டு போகும். அடுத்து இறக்கை, ஒவ்வொண்ணையும் பிடிச்சு ஆட்டி பாருங்க, ஆடினா வேண்டாம். மூக்கு ரொம்ப இறுக்கமா இருந்தா பாராசூட் வெளிய வராது, லூசா இருந்தா நடுவுலயே கழண்டுடும். மோட்டார் பின்னாடி வழுக்கிட்டு வராம பிடிமானம் இருக்குதா, பாராசூட் எரியாம இருக்க தீப்பிடிக்காத பஞ்சு வச்சிருக்காங்களா. ராக்கெட் புதுசா அவங்களே டிசைன் பண்ணதா இருந்தா மோட்டாரோட சேர்த்து எந்த இடத்துல சமமா நிக்குதோ அங்க கயித்தை கட்டி தலைக்கு மேல சுத்த சொல்லுங்க, மூக்கு முன்னாடி பாத்து சுத்துனா சரி, குறுக்கால திரும்பினாலோ தலைகீழா போனாலோ அது பறக்காது.

தூரம்: சி, டி மோட்டாருக்கு பேட்ல இருந்து குறைஞ்சது 4.5 மீட்டர், பெருசுக்கு 9 மீட்டர்னு கோட்ல இருக்கு, அது விடுறவங்களுக்கு சொன்னது, பசங்க கூட்டத்தை அதை விட நல்லா பின்னாடி நிறுத்துங்க. சி மோட்டாருக்கு மைதானத்தோட குறுகின பக்கமே 120 மீட்டராவது இருக்கணும். ராட் நேர்குத்துல இருந்து 30 டிகிரிக்கு மேல சாயக்கூடாது, காத்து மணிக்கு 32 கிலோமீட்டர் தாண்டினா நிறுத்தம். நல்லவேளை மாசில வச்சிருக்கீங்க, ஆடில அம்மியே பறக்குற ஊர் நம்முது.

இன்னொரு முக்கியமான விஷயம், ஷாமியானா. நம்ம ஊர்ல விழான்னா பந்தல் போட்டு சேர் போட்டு உக்கார வச்சிடுவாங்க. பந்தலுக்கு கீழ இருக்குறவங்களுக்கு வானம் தெரியாது. பாராசூட் விரியாம மூக்கு குத்திட்டு வர்ற ராக்கெட் துணிய கிழிச்சுட்டு உள்ள வரும், யாருக்கும் ஒதுங்க நேரம் இருக்காது. ராக்கெட் போறப்ப எல்லாரும் எந்திரிச்சு வெளிய நின்னு மேல பாக்கணும், சீஃப் கெஸ்டும்தான்.

கருங்கல் குவாரி

நான் ராக்கெட் விட்டதில்லீங்க டீச்சர். ஆனா கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரில வெடி வேலை ரொம்ப நாள் பாத்தவன், அதனால சாவி விஷயத்தை மட்டும் சொல்றேன்.

வெடி அடிக்கிற பெட்டியோட கைப்பிடிய நாங்க கழட்டி எங்க ஜோபிலதான் வச்சுப்போம். குழிக்கிட்ட ஆள் இருக்குறவரை அந்த கைப்பிடி வேற யார் கைக்கும் போகாது, மேஸ்திரி கேட்டாலும் ஓனர் கேட்டாலும் குடுக்க மாட்டோம். உங்களுக்கும் அதே முறைதான் வரும். ராக்கெட்டுக்கு மருந்தை பத்த வைக்கிற இக்னைட்டர் ஒயர் மாட்டுறப்ப சாவி பெட்டில இருக்கவே கூடாது, பெட்டி பக்கத்துல கூட இருக்க வேண்டாம், மாட்டுறவன் கழுத்துலயோ கன்ட்ரோல் ஆபீசர் கழுத்துலயோ கயித்துல தொங்கணும். மாட்டிட்டு எல்லாரும் பின்னாடி வந்தாச்சுன்னு தலை எண்ணின அப்புறம்தான் சாவி உள்ள போகணும். சீஃப் கெஸ்ட் பட்டன் அமுக்கட்டும், அதுல தப்பில்ல, அவருக்கும் சந்தோஷம். சாவி மட்டும் உங்க ஆள் கையில. அஞ்சுல இருந்து எண்ணுறதும் உங்க ஆள்தான்.

அப்புறம் குரல். எங்க குவாரில தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுறவங்க எல்லாம் வேலை பாப்பாங்க, சங்கு ஊதி சிவப்பு கொடி காட்டினாதான் எல்லாருக்கும் புரியும். உங்க ஸ்கூல்லயும் வீட்ல தெலுங்கு பேசுற பசங்க இருப்பாங்க, தாத்தா பாட்டி எல்லாம் வருவாங்க. மைக்ல இங்கிலீஷ்ல எதையாவது சொன்னா யாரும் திரும்ப மாட்டாங்க. ஒரு விசில் சத்தம் முன்னாடியே முடிவு பண்ணி எல்லாரையும் ஒரு தடவை பழக்கி விடுங்க, விசில் அடிச்சா பேச்சை நிறுத்திட்டு மேல பாக்கணும், ராக்கெட் எந்த பக்கம் வருதோ அந்த பக்கம் பாத்தவங்க கைய நீட்டி காட்டணும். மைக்ல பாட்டு போடுறதை அந்த நேரம் முழுக்க நிறுத்த சொல்லிடுங்க, மைக் கன்ட்ரோல் ஆபீசரோடது மட்டும்.

மாங்கா மண்டி

எல்லாரும் நல்லதுதான் சொல்றீங்க, ஆனா பசங்க நிகழ்ச்சிக்கு இவ்வளவு கெடுபிடி பண்ணா அடுத்த வருஷம் யாரும் நடத்த முன்வர மாட்டாங்கன்னு எனக்கு பயமா இருக்கு. தீபாவளிக்கு எல்லார் வீட்லயும் பாட்டில்ல சொருகி ராக்கெட் விடுறோம், யாரும் ஆபீசர் போடுறதில்ல. என் பொண்ணு இந்த மாதிரி ஒரு நிகழ்ச்சி பாத்துட்டுதான் சயின்ஸ் குரூப் எடுத்தா. பயமுறுத்தி பயமுறுத்தி அந்த ஆசைய கொன்னுடாதீங்கன்னு கேட்டுக்குறேன்.

தொப்பூர் கணவாய்

உங்க கவலை நியாயமானதுதான் அண்ணே. ஆனா தீபாவளி ராக்கெட் கொளுத்துற இடத்துல இருநூறு பேர் கூடி நிக்கிறதில்ல, விட்டது எங்கயோ விழும் நாம பாக்குறதும் இல்ல. இங்க நூறு கிராம் சாமான் நூறு மீட்டருக்கு மேல போய் அதே கூட்டத்துக்கு நடுவுல திரும்பி இறங்குது. அங்க கிளப்ல நான் பாத்த வரைக்கும் சோதனை டேபிள்தான் பசங்களுக்கு ரொம்ப புடிச்ச இடம், ஏன் இது பறக்காதுன்னு ஒருத்தர் உக்காந்து பொறுமையா சொல்லி குடுக்குறாங்கல்ல, பையன் அங்கயே இறக்கைய ஒட்டிட்டு மறுபடி வரிசைல வந்து நிப்பான். வேண்டாம்னு சொல்ற ஆளே எப்படி சரி பண்ணணும்னும் சொல்லணும், டீச்சருக்கு அது நல்லாவே வரும்.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு ஆபத்து முக்கியமா இருக்கு, அதை சொல்லிடுறேன். ஒண்ணு கிணறு. ஏரிய சுத்தி வயக்காட்டுல சுத்துச்சுவர் இல்லாத கிணறு எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும், பசங்க மேல பாத்துக்கிட்டே பாராசூட் பின்னாடி ஓடுவாங்க. காத்து மணிக்கு 20 கிலோமீட்டர்னா செகண்டுக்கு அஞ்சரை மீட்டர், பாராசூட் ஒரு நிமிஷம் மிதந்துச்சுன்னா 300 மீட்டருக்கு மேல தள்ளிட்டு போயிடும், ஏரிய தாண்டி வயலுக்குள்ளதான் விழும். முந்தின நாளே காத்து போற பக்கம் நடந்து பாத்து கிணத்துக்கெல்லாம் கயிறு கட்டி ஒரு பெரியவர நிறுத்துங்க. பாராசூட்டுக்கு பதிலா நீள ரிப்பன் கட்ட சொன்னா சீக்கிரம் இறங்கிடும், அவ்வளவு தூரம் போகாது. எடுக்க போறது பேர் சொல்லி அனுப்புற ரெண்டு பேர்தான், அதுவும் அடுத்த ராக்கெட் சாவி வெளிய இருக்குறப்ப மட்டும். இறங்குற ராக்கெட்ட கையில பிடிக்க விடாதீங்க.

ரெண்டாவது தீ. மாசில ஏரிக்குள்ள கோரையும் புல்லும் காஞ்சு கிடக்கும், பக்கத்துல வைக்கப்போர் இருக்கும். பேட்டை சுத்தி நல்லா செதுக்கி மண்ணு தெரியற மாதிரி பண்ணி தண்ணி தெளிங்க, அடியில தகரம் வைங்க, ரெண்டு டிரம் தண்ணியும் நனைச்ச சாக்கும் ஆளோட இருக்கட்டும். ஈ.பி. கம்பில மாட்டினா அந்த ராக்கெட்ட மறந்துடுங்க, குச்சி வச்சு எடுக்க ஒரு பையனையும் விடாதீங்க.

ஓசூர் குமாஸ்தா

வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், பேப்பர் பக்கம் மட்டும் சொல்றேன் மேடம். மோட்டார் உள்ள இருக்குறது வெடிமருந்துதான், 1884 வெடிபொருள் சட்டமும் 2008 விதிகளும் அதுக்கு வரும், லைசென்ஸ் விஷயம் பாக்குற பெசோவுக்கு தலைமை ஆபீஸ் நாக்பூர்ல இருக்கு. லைசென்ஸ் உள்ள இடத்துல வாங்குறோம்னு காலேஜ் டீம் வாயால சொன்னா போதாது, லைசென்ஸ் காப்பி, வாங்கின பில், எத்தனை மோட்டார்னு எண்ணிக்கை, எந்த வண்டில எப்படி கொண்டு வர்றாங்க எல்லாத்தையும் ஒரு ஃபைலா முன்னாடியே வாங்குங்க. தரலன்னா தண்ணி ராக்கெட்டோட நிகழ்ச்சிய முடிச்சுக்கங்க. யாராவது பையன் வீட்ல கலந்தேன்னு கொண்டு வந்தா அதை கையால தொடாதீங்க, பசங்களை தள்ளி நிறுத்திட்டு போலீசுக்கும் ஃபயர் சர்வீசுக்கும் சொல்லுங்க. வெடிபொருளை அசட்டையா கையாண்டா பி.என்.எஸ், அதாவது பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தோட 288வது பிரிவு வரும், நிகழ்ச்சி நடத்துனவங்களையும் கேள்வி கேப்பாங்க.

ஏரி நீர்வளத்துறைக்கா பஞ்சாயத்துக்கான்னு பாத்து எழுத்துல அனுமதி, லோக்கல் ஸ்டேஷன்ல கடிதம், ஃபயர் சர்வீசுக்கு ஒரு கடிதம், கலெக்டர் ஆபீஸ்ல மனு, இதெல்லாம் ஒரு மாசம் முன்னாடியே குடுங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் அதிகாரிங்க இதை சாதாரணமா எடுத்துக்க மாட்டாங்க. 2023 ஜூலைல கிருஷ்ணகிரி பழையபேட்டைல பட்டாசு குடோன் வெடிச்சுது, அதே வருஷம் அக்டோபர்ல ஓசூரை தாண்டி அத்திப்பள்ளில பட்டாசு கடை தீப்பிடிச்சுது, அதுல செத்ததுல நம்ம அரூர் பக்கத்துல இருந்து வேலைக்கு போன பசங்க இருந்தாங்க. அதிகாரிங்க கேள்வி கேட்டா கோவப்படாம பதில் சொல்லுங்க, கேக்குறது நல்லதுக்குதான். டிரோன் மேப்ல பச்சைன்னு காட்டுது அதனால விடலாம்னு காலேஜ் பசங்க சொல்லலாம், பச்சைன்னு பிரிச்ச அந்த 2021 டிரோன் விதிகள் டிரோனுக்கு மட்டும், ராக்கெட்டுக்கு அனுமதின்னு அர்த்தம் ஆகாது. எங்க ஓசூர் பக்கம்னா பெலகொண்டப்பள்ளில ஏர்ஸ்ட்ரிப்பே இருக்கு, பாலக்கோட்ல அது இல்லன்னாலும் கன்ட்ரோல் ஆபீசர் ஒவ்வொரு தடவையும் எண்ண ஆரம்பிக்கும் முன்னாடி ஹெலிகாப்டர், விமானம் எதுவும் இருக்குதான்னு வானத்தை சுத்தி பாக்கணும்.

இன்னொண்ணு, மீட்டிங் மினிட்ஸ்ல உங்க பேரோட நிறுத்தாதீங்க. "பாதுகாப்பு அலுவலரின் முடிவே இறுதியானது, எந்த நேரத்திலும் நிகழ்ச்சியை நிறுத்தலாம்"னு ஒரு வரி சேர்த்து எல்லார் கிட்டயும் கையெழுத்து வாங்குங்க. அன்னைக்கு காலைல மைக்லயும் அதை படிச்சுடுங்க, சீஃப் கெஸ்ட் முன்னாடியே.

பாலக்கோடு பிசிக்ஸ்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. கிணறு விஷயம் எனக்கு தோணவே இல்ல, நாளைக்கே ஏரிய சுத்தி நடக்க போறேன். மினிட்ஸ்ல அந்த வரிய சேர்க்க ஹெச்.எம். சரின்னுட்டார். பந்தலை சாப்பாட்டுக்கு மட்டும் தள்ளி போட்டுட்டு, ராக்கெட்டை காலைல வெயிலுக்கு முன்னாடியே முடிச்சுக்க போறோம்.

ரெண்டு சந்தேகம் பாக்கி இருக்கு. பட்டன் அமுக்கியும் கிளம்பலன்னா என்ன பண்றது, பசங்க உடனே ஓடுவாங்களே? தண்ணி ராக்கெட்ல நெருப்பே இல்ல, அதுக்கும் இதே அளவு ஒழுங்கு வேணுமா?

தொப்பூர் கணவாய்

வேணும் டீச்சர். தண்ணி ராக்கெட்ல அடிக்கிறது அழுத்தம். சோடா, கோலா மாதிரி கேஸ் இருக்குற பானம் வர்ற பாட்டில் மட்டும்தான் எடுக்கணும், குடிதண்ணி பாட்டில் மெல்லிசு, அது வேண்டாம். கீறல், மடிப்பு விழுந்த பாட்டிலை ஒதுக்குங்க, சூடான பசை வச்சு இறக்கை ஒட்டினதும் வேண்டாம், சூட்டுல அந்த இடம் பலவீனமாயிடும். பம்புல பிரஷர் கேஜ் இருக்கணும், அழுத்தம் நாலு பாருக்கு மேல பசங்களுக்கு தேவையில்ல. பம்பு ஹோஸ் நீளமா இருக்கட்டும், ராக்கெட்ட விடுவிக்கிற கயித்தை பத்து மீட்டர் தள்ளி நின்னு இழுக்கட்டும், அடிக்கிற பையனுக்கு கண்ணாடி போடுங்க. கயிறு இழுத்தும் வரலன்னா யாரும் பக்கத்துல போய் குனிஞ்சு பாக்க கூடாது, தூரத்துல இருந்தே காத்தை வெளிய விடுறதுக்கு ஹோஸ்ல ஒரு வால்வு முன்னாடியே வச்சிருக்கணும்.

மோட்டார் ராக்கெட் கிளம்பலன்னா முதல்ல சாவிய வெளிய எடுக்கணும், அப்புறம்தான் மத்தது. எடுத்துட்டு முழுசா 60 செகண்ட் யாரும் நகரக்கூடாதுன்னு கோட்லயே இருக்கு, கன்ட்ரோல் ஆபீசர் மைக்ல சத்தமா வாட்ச் பாத்து எண்ணட்டும், அந்த நேரம் கூட்டம் சும்மா இருக்காதுங்கிறதால எதுக்கு காத்திருக்கோம்னு நீங்க மைக்ல சொல்லிட்டே இருங்க. புகை லேசா வந்துக்கிட்டு இருந்தா 60 செகண்டும் பத்தாது, நிக்கிற வரைக்கும் நிக்கணும். அப்புறம் ஒரே ஒரு ஆள், பெரியவர், முகத்தை ராக்கெட்டுக்கு மேல கொண்டு போகாம பக்கவாட்டுல போய் ஒயரை கழட்டணும். ராட் முனை கண்ணுல குத்தாம இருக்க அதுல ஒரு மூடி போட்டு வச்சுட்டு, விடுறப்ப மட்டும் எடுங்க. முக்கால்வாசி தடவை இக்னைட்டர் சரியா உள்ள போகாததுதான் காரணமா இருக்கும், புதுசு மாத்தி மறுபடி வரிசைல கடைசிக்கு அனுப்புங்க. ரெண்டாவது தடவையும் போகலன்னா அந்த ராக்கெட் அன்னைக்கு அவ்வளவுதான், மோட்டாரை கழட்டி, குமாஸ்தா அண்ணன் சொன்ன எண்ணிக்கைல குறிச்சு, கொண்டு வந்தவங்க கிட்டயே கையெழுத்து வாங்கி திருப்பி குடுத்துடுங்க.